ஐந்து பெயர் கொண்ட ராட்சசக் கப்பல்

கொல்லிமலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. அங்கே ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்தவர்கள், ஒருமுறை திரும்புவதற்கே சுமார் 3 கிலோமீட்டர் கடல் தேவைப்பட்ட ஒரு வாகனத்தைக் கற்பனை செய்து பாருங்கள்! அதுதான் 'சீவைஸ் ஜயண்ட்'. நீளம் 458 மீட்டர். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி. அப்படி ஐந்து அருவிகளைப் படுக்க வைத்தால்தான் இந்தக் கப்பலின் நீளம் வரும்.

ஆனால் அது பிறக்கும்போது இவ்வளவு நீளமில்லை. 1979இல் ஜப்பானின் சுமிட்டோமோ தளத்தில் கட்டப்பட்டபோது அதன் கொள்ளளவு சுமார் 4 லட்சத்து 18 ஆயிரம் டன். ஆர்டர் கொடுத்தவர் வாங்க மறுத்துவிட, ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். துங் அதை வாங்கினார். பழைய கப்பலைப் புதிதாக்குவதில் இவருக்கு ஒரு தனி ஆசை. 'குயின் எலிசபெத்' என்ற புகழ்பெற்ற பயணிகள் கப்பலை வாங்கி மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்ற முயன்றவர் இவர்தான். அது 1972 ஜனவரியில் ஹாங்காங் துறைமுகத்தில் எரிந்து போனது. 'சீவைஸ்' என்ற பெயரே அவருடைய முதலெழுத்துகளை வைத்துச் செய்த சிலேடை!

துங் இந்தக் கப்பலை நடுவில் வெட்டி, புதிய பகுதி ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். 1981இல் கொள்ளளவு 5,64,763 டன் ஆனது.

ஏன் நடுவில்? எண்ணெய்க் கப்பலின் முன்பகுதியும் பின்பகுதியும் வளைந்து குறுகும். நடுப்பகுதி மட்டும் ஒரே அளவான பெட்டி போல நீளும். அங்கே வெட்டினால் புதிய துண்டு கச்சிதமாகப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், கப்பல் அதிகம் வளைவதும் அங்கேதான். அலையின் முகடு நடுவில் வந்தால் இரு முனைகளும் தொங்கும், மேல்தளம் இழுபடும். முகடுகள் இரு முனைகளிலும் வந்தால் வயிறு தொய்யும், அடித்தளம் இழுபடும். நீளம் கூடக்கூட இந்த வளைவு விசை அதைவிட வேகமாகக் கூடும். அதனால் இப்படி நீட்டும்போது துண்டை ஒட்டவைத்தால் மட்டும் போதாது. பழைய பகுதியிலும் மேல்தளத்தையும் அடித்தளத்தையும் கூடுதல் எஃகால் பலப்படுத்த வேண்டும். வெல்டிங்கில் ஒரு சிறு பிழை இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

1988 மே 14 அன்று, ஈரான்-ஈராக் போரின்போது, லாரக் தீவருகே ஈராக் விமானங்கள் இதைத் தாக்கின. தீப்பிடித்து ஆழமில்லாத கடலில் அமர்ந்தது. அவ்வளவுதான் என்று கணக்கை முடித்துவிட்டார்கள். போர் முடிந்ததும் நார்வேக்காரர்கள் மிதக்க வைத்து, சிங்கப்பூருக்கு இழுத்துச் சென்று பழுது பார்த்தார்கள். முதலில் 'ஹேப்பி ஜயண்ட்', பிறகு 'யாரே வைக்கிங்' எனப் பெயர் மாறி, 1991இல் மறுபடி ஓடியது.

அடுத்த அடி சட்டத்திலிருந்து வந்தது. 'எரிகா' (1999), 'பிரெஸ்டீஜ்' (2002) விபத்துகளுக்குப் பிறகு, ஒற்றைச் சுவர் எண்ணெய்க் கப்பல்களைச் சீக்கிரம் ஒதுக்க சர்வதேச கடல்சார் அமைப்பு 2003இல் முடிவெடுத்தது. இதுவும் ஒற்றைச் சுவர்தான். 2004இல் துபாய் உலர்துறையில் மிதக்கும் சேமிப்புக் கிடங்காக மாற்றப்பட்டு, 'நாக் நெவிஸ்' என்ற பெயரில் கத்தாரின் அல் ஷாஹீன் எண்ணெய் வயலில் நின்றது.

நிற்பதுதானே, சுலபம் என்று தோன்றலாம். இல்லை! ஓடும் கப்பல் புயல் வந்தால் விலகிப் போகும், குறித்த காலத்தில் உலர்துறைக்கும் வரும். கிடங்கு அப்படி நகர முடியாது. எண்ணெய் நிரப்புவதும் இறக்குவதும் மாறி மாறி நடக்க, எஃகு திரும்பத் திரும்ப வளைந்து களைத்துப்போகும். துருவால் தகடும் மெலியும். அதனால்தான் இத்தகைய மாற்றங்களில் ஒலி அலைக்கருவியால் தகடு தகடாகத் தடிமன் அளந்து, தேய்ந்தவற்றை மாற்றுகிறார்கள். ஒரே ஆறுதல், பாரசீக வளைகுடாவின் அலைகள் பெருங்கடல் அலைகளைவிடச் சிறியவை.

நம் வங்காள விரிகுடாவில் அந்தச் சலுகை கிடையாது. 2008 செப்டம்பரில் கிருஷ்ணா-கோதாவரி படுகையில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய 'திருபாய்-1', ஒரு பழைய எண்ணெய்க் கப்பலை மாற்றி அமைத்ததுதான். அங்கே புயல் காலத்தையும் கணக்கில் எடுத்து, நங்கூர இணைப்பிலிருந்து கழன்று விலகும்படி வடிவமைத்தார்கள்.

நாக் நெவிஸ் 2009 வரை தாங்கியது. கடைசியாக 'மான்ட்' என்ற பெயருடன் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து, டிசம்பரில் கரையேற்றப்பட்டது. ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் உள்ள இடம் அது. எரிவாயு வெட்டுக்கருவியுடன் அவர்கள் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஜப்பானில் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சேர்த்த அந்த நடுப்பகுதியும் அதில் போனது. அலங் தகடுகள் பெரும்பாலும் உருட்டாலைகளுக்குப் போய்க் கட்டடக் கம்பிகளாகும். 36 டன் நங்கூரம் மட்டும் தப்பி, ஹாங்காங் போய்ச் சேர்ந்தது.