யார்க் சந்தையில் ஒரு சாண்டா ஃபே

பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் நகரில், விவசாயக் கண்காட்சி நடக்கும் திடலில், ஒரு மேசையின் மேல் மல்லாந்து கிடக்கிறது அந்த எஞ்சின். ஒன்றரை ஜாண் நீளம். வெள்ளி உடம்பு, சிவந்த மூக்கு, சிவப்புக்கும் வெள்ளிக்கும் நடுவே மஞ்சள் வரி, பக்கவாட்டில் 'சாண்டா ஃபே' என்ற எழுத்து. எண் 2333. வாங்க வந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சக்கரத்தின் விளிம்பை நகத்தால் தடவுகிறார். அடியில் இருக்கும் உருளைகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். கடைசியில்தான் கேட்கிறார்: "பாட்டரி வைக்கிற இடத்தைப் பார்க்கலாமா?"

விற்பவர் ஒன்றும் சொல்லாமல் திருப்புளியை எடுத்து நீட்டுகிறார். மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதற்கு நிகரான கேள்வி அது. கேட்கத் தெரிந்த ஆளிடம் விற்பவருக்கும் ஒரு மரியாதை வந்துவிடும். அந்த எஞ்சினின் எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கை மொத்தமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இதற்கென்று தனியாக ஜாதகம் எழுதிவைத்தவர் யாருமில்லை. ஆனால் இதன் உடன்பிறப்புகள் ஆயிரக்கணக்கில் நடந்த பாதை ஏறக்குறைய ஒன்றுதான். அதை வைத்து இதன் கதையைச் சொல்லலாம்.

பிறந்தது 1948-இல், லயனல் கம்பெனியின் நியூ ஜெர்சி தொழிற்சாலையில். ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் ஆரம்பித்த கம்பெனி அது. அவர் செய்த முதல் மின்சார ரயில் குழந்தைகளுக்கானதே அல்ல. கடை ஜன்னலுக்குள் சுற்றிவந்து தெருவில் போகிறவர்களை நிறுத்திவைக்கும் விளம்பர வண்டி. நின்றவர்கள் கடைச் சரக்கை விட்டுவிட்டு வண்டிக்கு விலை கேட்டார்கள். கோவனுக்குத் தன் தொழில் எது என்று அப்போதே புரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பொம்மை வேலை நின்று, அதே பட்டறையில் கடற்படைக்குத் திசைகாட்டிகள் தயாராயின. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அப்பாக்கள் ஆனார்கள். லயனலுக்கு நல்ல காலம் பிறந்தது.

நிஜத் தண்டவாளத்திலும் அப்போது ஒரு தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. நீராவி ஒதுங்க, டீசல் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1945 முதல் 1949 வரை கட்டிய எஃப்-3 டீசல் எஞ்சினைத்தான் லயனல் பொம்மையாக்கியது. அச்சு செய்யும் செலவில் ஜெனரல் மோட்டார்ஸும், சாண்டா ஃபே, நியூயார்க் சென்ட்ரல் என்ற இரண்டு ரயில் கம்பெனிகளும் பங்கு போட்டன. பையன் கையில் இருக்கும் பொம்மை, நாளைக்கு அவன் டிக்கெட் எடுக்கப்போகும் ரயிலுக்கு விளம்பரம் என்பது கணக்கு. இரண்டு கம்பெனியின் வண்ணங்களிலும் எஞ்சின் கடைக்கு வந்தது. பையன்கள் கைகாட்டியது சிவப்பு மூக்கைத்தான். பூர்வகுடித் தலைவனின் இறகுக் கிரீடம் காற்றில் பின்னால் சாய்வதுபோல் இருக்கும் அந்த வண்ணத்தை, 1930களில் சாண்டா ஃபேயின் சூப்பர் சீஃப் ரயிலுக்காக வரைந்தவர் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைபார்த்த லேலண்ட் நிக்கர்பாக்கர். அந்த வண்ணத்துக்காகவே எண்ணை மாற்றி மாற்றி 1966 வரை லயனல் இந்த எஞ்சினை விற்றது.

உள்ளே இரண்டு மோட்டார். கூரையில் மெல்லிய கம்பிவலை. சில வருஷங்களில் செலவைக் குறைக்க வலையை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கிலேயே வரிவரியாக வார்த்துவிட்டார்கள். ஆகவே வலை இருந்தால் மூத்தது. வலையில் பென்சில் நுழைந்த ஓட்டை இருந்தால், பையன் இருந்த வீட்டிலிருந்து வந்தது. தண்டவாளத்துக்கு மூன்று கம்பி. நடுக்கம்பியிலிருந்து அடிப்பக்க உருளைகள் மின்சாரம் எடுக்கும். மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்திக் கொடுத்தால், வயிற்றுக்குள் இருக்கும் சின்னக் கருவி ஒன்று 'டர்ர்' என்று அதிர்ந்து, முன்னே, சும்மா, பின்னே, சும்மா என்று முறை மாற்றும்.

ஹார்ன்தான் விசேஷம். தண்டவாளத்தில் ஓடுவது மாறுதிசை மின்சாரம். பொத்தானை அழுத்தினால் அதோடு கொஞ்சம் நேர்திசை மின்சாரம் கலக்கும். எஞ்சினுக்குள் உள்ள ரிலே அந்தக் கலப்பை மோப்பம் பிடித்து, தனியாக வைத்த ஒரு டார்ச் பாட்டரியின் இணைப்பை மூடும். ஹார்ன் அலறும். பையன் பாட்டரியை மறந்துவிட்டால், அது உப்பிக் கசிந்து, தகட்டையும் அடிச்சட்டத்தையும் தின்னும்.

பையன்கள் மறந்தார்கள். அமெரிக்க வீடுகளில் இந்த ரயில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ஓடுகிற ரயில். நம் வீட்டுக் கொலுப் பொம்மைகள்போல ஆண்டுக்கொருமுறை பரணிலிருந்து இறங்கும், சில நாள் கொண்டாட்டம், திரும்பவும் பெட்டிக்குள். பொம்மையைத் துணியில் சுற்றிவைத்தவர்களுக்கு உள்ளே பாட்டரி இருப்பது நினைவில்லை. 1950களின் தொடக்கத்தில் லயனல் உலகத்தின் பெரிய பொம்மைக் கம்பெனிகளுள் ஒன்று. 1953-இல் விற்பனை 3 கோடி டாலரைத் தாண்டியது. அப்புறம் வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது, வெளியே நெடுஞ்சாலை வந்தது. ரயில் பயணமே தேய்ந்தபோது பொம்மை ரயில் எத்தனை நாள் ஓடும்? 1957-இல் பெண் குழந்தைகளுக்கென்று இளஞ்சிவப்பு எஞ்சின் ஒன்றை விட்டுப்பார்த்தார்கள். விற்கவில்லை. 1959-இல் கோவன் தன் பங்குகளை விற்று வெளியேறினார். ஒரு கிறிஸ்துமஸில் பையனுக்குப் பதினாறு வயதாகியிருந்தது. பெட்டி பரணிலிருந்து இறங்கவில்லை.

பரணில் கிடந்த அதே காலத்தில் அதன் அடுத்த பிறவிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பென்சில்வேனியாவின் யார்ட்லியில், பழைய ரயில்கள் நிறைந்த ஒரு களஞ்சியத்தில், 1954-இல் சேகரிப்பாளர்கள் கூடி டி.சி.ஏ. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் தேடியது போருக்கு முந்தைய தகர ரயில்களை. 1948-இன் பிளாஸ்டிக் எஞ்சினை அன்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு முறை வந்தது, அந்தப் பதினாறு வயதுப் பையன் நாற்பதைத் தொட்டபோது. கையில் காசு, தலையில் வழுக்கை, அம்மா விற்றுவிட்ட அல்லது யாருக்கோ கொடுத்துவிட்ட ரயிலின் நினைவு. அந்த மூன்றும் சேர்ந்த ஆண்களுக்கு யார்க் ஒரு திருவிழாவானது.

டி.சி.ஏ.யின் கிழக்குப் பிரிவு ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடத்தும் கூடுகை அது. ஆரஞ்சு ஹால், வெள்ளை ஹால், வெள்ளி ஹால் என்று கூடங்களுக்கு நிறமே பெயர். ஆரஞ்சில் கம்பெனிகளும் வியாபாரிகளும். மற்றவற்றில் சாதாரண உறுப்பினர்களின் வாடகை மேசைகள், வரிசை வரிசையாக. நெடுங்காலம் உறுப்பினர் அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாமல் இருந்தது. கதவு திறப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்து ஹோட்டல்களின் வண்டி நிறுத்தங்களில் டிக்கியைத் திறந்துவைத்து வியாபாரம் தொடங்கிவிடும். 'பாண்டிட் மீட்', அதாவது கொள்ளைக்காரர் கூட்டம் என்று அதற்குச் செல்லப்பெயர். கதவு திறந்ததும் அறுபது வயதுக்காரர்கள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். இருபது வருஷமாகத் தேடும் ஒரு பெட்டி எந்த மேசையிலாவது இருக்கலாம், இன்னொருவர் கை அதில் முந்தலாம்.

அங்கே இந்த எஞ்சினுக்குப் புதிய மொழி ஒன்று கிடைத்தது. சங்கம் வகுத்த அளவுகோல் ஒன்று முதல் பத்து வரை. சி-10 என்றால் தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தது. சி-8 புதிது மாதிரி. சி-7 மிகச் சிறந்தது. சி-6 மிக நல்லது. அட்டைப்பெட்டிக்குத் தனி மதிப்பெண். ஆரஞ்சும் நீலமுமான அந்தப் பெட்டியின் உள்மடிப்புக் கிழியாமல் இருந்தால், எஞ்சினுக்குக் கொடுக்கும் விலையோடு பெட்டிக்கென்று ஒரு விலை. காலிப் பெட்டியே தனியாக விலைபோகும். காசு புரண்ட இடத்தில் போலியும் வந்தது: புதிதாக அச்சடித்த பழைய பெட்டி, மறுபடி வண்ணம் பூசிய மூக்கு, ஓர் எஞ்சினின் கூட்டில் இன்னோர் எஞ்சினின் அடிச்சட்டம். இவற்றைக் கண்டுபிடிக்கும் வித்தை விலைக் கையேட்டில் பாதிதான் இருந்தது. மீதியை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கிழவர்தான் சொல்லித்தருவார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி, எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா பார், திருகின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஒன்றும் வாங்காமல் போகிறவனுக்கும் இந்தப் பாடம் கிடைக்கும்.

ஆனால் மதிப்பு ஏற ஏற, எஞ்சின் ஓடுவது நின்றது. ஓடினால் உருளை தேயும், சக்கரத்தில் கறுப்பு ஏறும், சி-8 சி-7 ஆகும். கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு வைத்தார்கள். பரணில் இருட்டில் கிடந்த எஞ்சின் வெளிச்சத்தில் கிடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தை மாறியதை ஒரே நாளில் யாரும் பார்க்கவில்லை. லயனல் பெயர் 1970 வாக்கில் ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனியிடம் போனது. அவர்களே சாண்டா ஃபே எஃப்-3-ஐ மறுபடி செய்து விற்றார்கள். 1990களில் தொலைகட்டுப்பாடு வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பாடகர் நீல் யங். மூளை முடக்குவாதம் உள்ள தன் மகன் ரயில் ஓட்டுவதற்கு வழி தேடப் போய் அதில் இறங்கியவர், பின்னாளில் கம்பெனியிலேயே பங்குதாரரானார். புதிய எஞ்சின்கள் நிஜ டீசலின் உறுமலோடு வந்தன. ஹார்னுக்குப் பாட்டரி தேவையில்லை. பட்டியலைப் பார்த்து முன்பதிவு செய்தால் வீட்டுக்கே வரும். முன்பதிவுப் பொருளைத் தேடி யார் ஓடுவார்கள்?

அதைவிடப் பெரிய அடி 1995-இல் தொடங்கிய ஈபே. இருபது வருஷம் தேடிய பெட்டி, தேடு என்று தட்டினால் ஏழெட்டு வந்து நின்றது. அரிது என்று நினைத்ததெல்லாம் ஒவ்வொரு ஊர்ப் பரணிலும் ஒன்று இருந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தெரியாமல் இருந்ததுதான் அரிதாகத் தோன்றக் காரணம். கூடவே வயதும் ஏறியது. சேகரித்தவர்கள் எண்பதை நெருங்கினார்கள். மேசையில் உட்கார்ந்திருந்தவருக்குப் பதில் அவருடைய மனைவி, அடுத்த முறை மகள், அப்பாவின் எஞ்சின்களுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு. விற்க வந்த சரக்கு பெருகியது, வாங்கும் கை குறைந்தது, விலை இறங்கியது. 2020-இல் பெருந்தொற்றால் கூடுகையே நடக்கவில்லை. திரும்பத் திறந்தபோது சில முகங்கள் இல்லை. முன்பு அட்டை கேட்ட சங்கம் இப்போது பொதுமக்களையும் உள்ளே விடுகிறது.

பழைய ஆட்கள் இதைப் பேசும்போது விலையைத்தான் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பேசவிட்டால் வேறொன்று வெளிவரும். ஈபே படத்தில் எஞ்சினை மல்லாத்த முடியாது. நகத்தால் தடவ முடியாது. 'பாட்டரி வைக்கிற இடம்' என்று கேட்கச் சொல்லித்தர அங்கே ஆளில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது எஞ்சினோடு சேர்ந்து மாறிய அறிவு, தபால் பார்சலில் வருவதில்லை. யார்க்கைப் பற்றிய ஏக்கத்தில் பாதிக்கு மேல் அந்த மேசைப் பேச்சுக்கான ஏக்கம்.

நம் மேசைக்குத் திரும்புவோம். திருகு கழன்றது, மேல்கூடு தனியே வந்தது. பாட்டரித் தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது; அடிச்சட்டத்தில் கொஞ்சம் சொறி. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போயிருப்பார்கள். இவர் போகவில்லை. அலமாரிக்கு வாங்க வந்தவர் இல்லை அவர், பேத்தி இருக்கிறாள். சி-6 கூடத் தேறாத எஞ்சினுக்கு இன்றைய விலையில் பேரம் முடிகிறது.

கூடத்தின் ஒரு மூலையில் சோதனைத் தண்டவாளம். விற்றவரே எழுந்து கூட வருகிறார். எஞ்சினை மூன்று கம்பியின் மேல் வைத்துக் கைப்பிடியை நகர்த்துகிறார். 'டர்ர்' என்ற அதிர்வு, அசைவில்லை. நிறுத்திக் கொடுக்கிறார். முகப்பு விளக்கு எரிகிறது. சூடான எண்ணெய் வாசனை கிளம்புகிறது. சிவப்பு மூக்கு ஒரு தயக்கத்தோடு நகர்ந்து, அடுத்த சுற்றில் வேகம் பிடிக்கிறது. வாங்கியவர் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார். ஹார்ன் வரவில்லை.

"தகட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒரு பாட்டரி போடுங்கள், கத்தும்" என்கிறார் விற்றவர். பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுக்கும்போது மறுபடியும் சொல்கிறார்: "கிறிஸ்துமஸ் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நான் சின்ன வயதில் கழற்றவில்லை."