யானை பொம்மை செய்தவரும் சிமென்ட் துப்பாக்கியும்

இன்னைக்கு கதை ஒரு பழுதுபார்க்கும் வேலையைப் பத்தினது. பாலத்துக்கு அடியிலயோ, பழைய தண்ணித் தொட்டி பக்கத்துலயோ ஒருத்தர் தடியான ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு சுவத்துல சிமென்டைப் பீய்ச்சி அடிக்கிறதை நீங்க பார்த்திருக்கலாம். பக்கத்துல கம்ப்ரஸர் காது கிழியக் கத்தும். அந்த வேலைக்கு சைட்ல கன்னைட்டிங்னு பேரு. நூறு வருஷத்துக்கு மேல பழசு. இதைக் கண்டுபிடிச்சவர் சிவில் இன்ஜினியர் கிடையாது. செத்த விலங்குகளைப் பதப்படுத்தி, உயிரோட நிக்கிற மாதிரி மியூசியத்துல வைக்கிறவர். பேரு கார்ல் ஏக்லி.

கதை நடக்கிற இடம் அமெரிக்காவில் சிகாகோ. 1893-ல் அங்கே ஒரு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. வெள்ளை வெளேர்னு அரண்மனை மாதிரி கட்டடங்கள். ஆனா பெரும்பாலும் வெறும் வேஷம்தான். பிளாஸ்டரையும் நாரையும் கலந்து செஞ்ச மேல்பூச்சு, சில மாசம் தாங்கினா போதும்னு கட்டினது. கண்காட்சி முடிஞ்சதும் அதுல பல கட்டடங்கள் 1894-ல் தீயில் போயிடுச்சு.

தப்பிச்சது கலை அரண்மனைக் கட்டடம். விலை உயர்ந்த ஓவியங்களை வைக்கிற இடம் என்பதால் தீக்கு பயந்து, உள்ளே செங்கல்லில் உறுதியாக் கட்டியிருந்தாங்க. அதே 1894-ல் அதை ஒரு மியூசியமா மாத்தினாங்க. இன்னைக்கு ஃபீல்ட் மியூசியம்னு சொல்றோமே, அதோட முதல் வீடு அதுதான். உள்ளே செங்கல் உறுதி. வெளியே பூசியிருந்தது அதே தற்காலிகப் பூச்சு. சிகாகோ குளிரும் மழையும் கொஞ்ச வருஷத்துலயே அதை உரிச்சுப் போட்டுடுச்சு.

அங்கே வேலை பார்த்தவர்தான் ஏக்லி. பழைய ஆட்கள் தோலுக்குள்ள வைக்கோலைத் திணிச்சு விடுவாங்க. ஏக்லி அப்படி இல்ல. தசை, எலும்பு எல்லாம் அளந்து, முழு உடம்பையும் சிற்பமா செஞ்சு, அதுமேல தோலைப் போர்த்துவார். அவர் செஞ்ச ரெண்டு ஆப்பிரிக்க யானைகள் இன்னும் அந்த மியூசியத்துல சண்டைக்கு நிக்குது. ஒரு சட்டத்து மேல பிளாஸ்டர் ஏத்தி உருவம் கொண்டு வர்றது அவருக்கு அன்றாட வேலை. அதனால, 1907 வாக்கில், மியூசியத்தோட உரியிற சுவத்தை என்ன பண்றதுன்னு இயக்குநர் கவலைப்பட்டப்போ, காத்தழுத்தத்துல பீய்ச்சி அடிக்கலாமேங்கிற யோசனை இவர்கிட்ட இருந்து வந்ததுல ஆச்சரியம் இல்ல.

யோசனை சுலபம். சிக்கல் எங்கேன்னா, தண்ணி கலந்த பிளாஸ்டரோ சிமென்டோ சும்மா இருக்காது, இறுகிக்கிட்டே இருக்கும். ஹோஸுக்குள்ளயே இறுகிட்டா வேலை நாசம். ஏக்லியோட விடை என்ன? தண்ணியைக் கடைசி நொடி வரைக்கும் சேர்க்காதே. உலர்ந்த மணலும் சிமென்டும் காத்தோட வேகத்துல ஹோஸ் வழியா வரும். முனையில ஒரு வளையத்துல இருந்து தண்ணி வந்து அங்கேதான் கலக்கும். கலந்த நொடியே சுவத்துல மோதும். மோதுற வேகமே கலவையை இறுக்கிடும். பலகை அடிச்சு அச்சு கட்டத் தேவையில்ல. 1911-ல் இதுக்கு பேடன்ட் கிடைச்சது. பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் ஊர்ல ஒரு கம்பெனி இந்த மெஷினை வித்தது. அவங்க வச்ச வணிகப் பேருதான் 'கன்னைட்'. 1930-களில் அமெரிக்க ரயில்வே இன்ஜினியர்கள் 'ஷாட்கிரீட்'னு பொதுப்பேரு ஒண்ணு புழங்க ஆரம்பிச்சாங்க. கலவையை முன்னாடியே தண்ணியோட குழைச்சு பம்ப் பண்ற ஈர முறை 1950-களில்தான் வந்தது.

புதுக் கருவி கைக்கு வந்தா எல்லாத்துக்கும் அதையே பூசிப் பார்க்கத் தோணும் இல்லையா? பனாமா கால்வாய் தோண்டினப்போ அதான் நடந்தது. குலேப்ரா பள்ளத்தோட சரிவுகள்ல பாறை காத்து பட்டு, மழை பட்டு உதிர்ந்துக்கிட்டே இருந்தது. சிமென்ட் துப்பாக்கியால ஒரு தோல் போட்டுப் பார்த்தாங்க. நிக்கல. பாறையே உதிரும்போது மேல ஒட்டின தோலும் கூடவே வந்துடுச்சு. நகர்ற மலையைப் பூச்சு போட்டு நிறுத்த முடியாது.

அதே பூச்சு சுரங்கத்துக்குள்ள ஜெயிச்சது. 1960-களில் ஆஸ்திரிய இன்ஜினியர் ராப்செவிச் முன்வச்ச முறையில, பாறையை வெட்டினதும் மெல்லிய ஷாட்கிரீட் அடிச்சு, நீளமான போல்ட்டுகளைப் பாறைக்குள்ள இறக்குவாங்க. பூச்சு மொத்த மலையையும் சுமக்கிறது இல்ல. சுத்தி இருக்கிற பாறை தளர்ந்து விழாம, அது தன் பாரத்தைத் தானே தாங்க உதவுது. பனாமாவில் தனியா நின்ன பூச்சு தோத்தது. இங்கே போல்ட்டும் பாறையும் கூட்டா நின்னதால தாங்கினது.

இப்போ நம்ம பழைய கான்கிரீட்டுக்கு வருவோம். நம்ம உயிரோட சம்பந்தப்பட்ட இடம் இதுதான். தூண் ஏன் வெடிக்குது? உள்ளே கம்பி துருப்பிடிக்குது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளே இருந்து தள்ளி உடைக்கும். இதுமேல அப்படியே சிமென்டை அடிச்சா பார்க்க அழகா இருக்கும், உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கிட்டே இருக்கும். நம்ம பாஷையில சொன்னா, பக்-ஐ சரி பண்ணாம எரர் மெசேஜை மட்டும் மறைக்கிறது. ஆனா இங்கே க்ராஷ் ஆனா தலைமேல விழும்.

சரியா செய்யணும்னா, முதல்ல சுத்தியால தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வர்ற இடத்தை எல்லாம் கொத்தி எடுக்கணும். கம்பிக்குப் பின்பக்கம் வரைக்கும் சுத்தம் செஞ்சு துருவை நீக்கணும். உப்பு ஏறின கான்கிரீட்டை விட்டு வச்சா துரு திரும்பவும் வரும். தேவைப்பட்டா புதுக் கம்பி, கம்பி வலை கட்டணும். சுவத்தை நனைக்கணும், ஆனா தண்ணி வழியக் கூடாது. அப்புறம்தான் அடிக்கிறது. முடிச்சதும் பல நாள் ஈரமா வச்சிருக்கணும். பீய்ச்சி அடிக்கிறது மொத்த வேலையில ஒரு பங்குதான்.

அந்த ஒரு பங்கும் ஹோஸ் முனையைப் பிடிச்சிருக்கிற ஆளோட கையில. முனை சுவத்துக்கு நேரா இருக்கணும். சாய்ச்சா, மணல் அதிகமாத் தெறிச்சு விழும். அந்தத் தெறிப்பு மூலையில தேங்கி, அதுமேலயே பூச்சு ஏறினா, உள்ளே ஒரு பலவீனமான பொட்டலம் உட்கார்ந்துடும். உலர் முறையில தண்ணி எவ்வளவு விடணும்ங்கிறதும் அவர் கண்ணளவுதான். கூடவே சிலிக்கா தூசி. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலையே இறுக வைக்கும். ஏக்லிக்கு 1916-ல் பதக்கம் கிடைச்சது. ஹோஸ் பிடிச்சவங்க பேர் எங்கேயும் பதிவாகல. இன்னைக்கும் ஒரு பாலம் பத்திரமா இருக்கிறதுல அவங்க கைத்திறமைக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல முகமூடியும் பயிற்சியும் கொடுக்கிறது டெண்டர்ல கழிக்கிற செலவா இருக்கக் கூடாது.

கடைசியா, அந்தக் கட்டடம் என்னாச்சு? 1921-ல் மியூசியம் புது இடத்துக்குப் போயிடுச்சு. காலியான பழைய கட்டடத்தை இடிச்சிடலாம்னு ஒரு பேச்சு, காப்பாத்தணும்னு ஒரு பேச்சு. காப்பாத்தணும்னு சொன்னவங்கதான் ஜெயிச்சாங்க. பழைய பூச்சை எல்லாம் எடுத்துட்டு சுண்ணாம்புக்கல் பதிச்சு, 1933-ல் அறிவியல் தொழில் மியூசியமாத் திறந்தாங்க. ஏக்லி அதைப் பார்க்கல. 1926-லயே காங்கோவில் இறந்துட்டார். அவர் காப்பாத்த நினைச்ச அந்தச் சுவர் இப்போ கல் போர்வையில நிக்குது. அவர் செஞ்ச யானைகள் சில கிலோமீட்டர் தள்ளி, புது வீட்ல நிக்குது.

அடுத்த தடவை ஏதாவது பாலத்துக்கு அடியில கம்ப்ரஸர் சத்தம் கேட்டா, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி கொத்தினாங்களா, துரு நீக்கினாங்களான்னு கவனிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.