அடுக்களையில் ஒரு பாடம்

1935ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். ஜெர்மனியில், பால்டிக் கடலோரச் சிற்றூராகிய சிங்ஸ்டில், போதகப் பணிக்குப் பயிலும் இளைஞர்கள் உணவருந்திக்கொண்டிருந்தனர். உதவிக்கு ஆள் வேண்டுமென்று அடுக்களையிலிருந்து அழைப்பு வந்தது. உடனே எவரும் எழவில்லை. அவர்களுடைய ஆசிரியர் எழுந்து சென்றார். வெட்கிப் பின்னால் ஓடிவந்தவர்களை அவர் உள்ளே விடவில்லை. திரும்பி வந்தபின் அதைப்பற்றி ஒரு சொல்லும் கூறவுமில்லை.

அவர்தாம் 29 வயதுப் போதகர் டீட்ரிக் போன்ஹோபர். திருச்சபையையும் தன் ஆணைக்குள் அடக்க முயன்ற ஹிட்லர் ஆட்சிக்கு இணங்காத சபையார் நடத்திய பயிற்சிப் பள்ளி அது. விரைவில் அது ஃபிங்கன்வால்டே என்னும் ஊருக்கு மாறியது. நாள்தோறும் கூட்டு வழிபாடு, மௌன தியானம், எதிரில் இல்லாத தோழரைப் பற்றிப் பேசலாகாது என்னும் விதி ஆகியவற்றால் அங்கே சீடத்துவம் பழக்கப்பட்டது.

1937இல் ரகசியப் போலீசார் பள்ளியை மூடினர். அவ்வாண்டே, பின்பற்றுதல் என்று பொருள்படும் 'நாக்ஃபோல்கே' என்ற அவரது நூல் வெளிவந்தது. மன்னிப்பை வேண்டிக் கீழ்ப்படிதலைத் தவிர்க்கும் பக்தி மலிவானது என்பது அதன் சாரம்.

1939இல் அமெரிக்கா சென்ற அவர், அங்கே பத்திரமாகத் தங்கியிருக்கலாம். சில வாரங்களிலேயே தாயகம் மீண்டார். ஹிட்லரை வீழ்த்த முயன்றோருடன் சேர்ந்தார். 1943இல் சிறைப்பட்டு, 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

மாணவர்களே, அத்துணிவு ஒரே நாளில் பிறந்ததன்று. எவரும் எழாத வேளையில் தாம் எழுவதை அவர் அடுக்களையிலேயே பழகியிருந்தார்.