மிலாடு: ஒரு சிறு நாட்டின் நினைவு

பேரரசர்களின் கதையையே வரலாறு என்று கற்றுப் பழகிவிட்டோம். ஆயினும் மூவேந்தர்க்கிடையே, கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணையாற்றின் கரையில் ஒரு சிறு நாடு பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. அதன் தலைநகராகிய திருக்கோவலூர், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூர். ஆண்டவர்கள் மலையமான்கள். மலையமான் நாடு என்பதே 'மிலாடு' என மருவிற்று.

சங்க காலத்தில் இதனை ஆண்ட திருமுடிக்காரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மூவேந்தரும் அவனது படைத்துணையை வேண்டி ஆளனுப்பினர் என்று கபிலர் பாடுகிறார். அத்துணையே அவனுக்குப் பெருமை, அதுவே ஆபத்துமாயிற்று. சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியைக் கொன்றான்; அதியமானிடம் கோவலூரை இழக்கவும் நேர்ந்தது.

தந்தையர் மூட்டிய பகையின் விலையைப் பிள்ளைகள் செலுத்துவர். மலையமானின் இளஞ்சிறார்களை யானையின் காலில் இடுமாறு சோழன் கிள்ளிவளவன் ஆணையிட்டான். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, அவையைப் பார்த்து மருண்டு நின்றன அக்குழந்தைகள். கோவூர் கிழார் குறுக்கிட்டார். புறாவுக்காகத் தன்னையே ஈந்தவனின் மரபில் வந்தவன் நீ என்று அரசனுக்கு நினைவூட்டினார். அப்பாடலால் பிள்ளைகள் உயிர் பிழைத்தனர் எனப் புறநானூற்றின் 46-ஆம் பாடற்குறிப்பு உரைக்கிறது.

சிறு நாடுகள் வலியோரின் நிழலில் ஒதுங்குவது எங்கும் நிகழ்ந்ததே. 1138-இல் மூன்றாம் போலஸ்லாவ் இறந்தபின் போலந்து அவர் மக்களிடையே பிரிந்தது. சிலேசியாவில் கிளைத்த சிற்றரசுகளில் பெரும்பாலானவை 14-ஆம் நூற்றாண்டில் பொகீமிய மன்னரின் மேலாட்சியை ஏற்றன. மலையமான்களும் அவ்வாறே சோழர்க்கு அடங்கி, மணவுறவும் கொண்டனர். அக்குலத்தில் பிறந்த வானவன் மாதேவி சுந்தர சோழரின் அரசியானார். 985-இல் அரியணையேறிய முதலாம் இராசராசனின் தாயும் அவரே. கணவர் இறந்தபோது, பால் மணம் மாறாத மகவைப் பிரிந்து அவர் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்கிறது.

நமக்கோ அப்புகழுரை நெஞ்சைச் சுடுகிறது. பகைவனின் பிள்ளைகளுக்காக வாதாட அன்று ஒரு புலவர் இருந்தார். இத்தாயைத் தடுத்து நிறுத்த ஒருவரும் வந்ததாகக் கல் சொல்லவில்லை.

மிலாடு மறைந்தது, அதை அடக்கிய சோழப் பேரரசும் மறைந்தது. ஆனால் எளியோரின் உயிருக்காக அவையில் எழுந்த அக்குரல் இன்றும் நம்மிடம் பேசுகிறது. குடும்பப் பகையையும் ஊர்ப் பகையையும் நம் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவைக்கும் வேளையில், நாம் கிள்ளிவளவனின் இருக்கையில் அமர்ந்திருக்கிறோமா, கோவூர் கிழாரின் பக்கத்தில் நிற்கிறோமா?