எம்எஸ்-20: கத்தும் ஃபில்டரின் கதை

மினிமோக், ஏஆர்பி 2600 போன்ற அமெரிக்கக் கருவிகள் பலருக்கு எட்டாத விலையில் இருந்த 1978இல், ஜப்பானின் கோர்க் நிறுவனம் எம்எஸ்-20 சிந்தசைசரைக் கொண்டுவந்தது. 37 கட்டைகள், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். நிமிர்ந்து நிற்கும் முகப்பில் இடப்பக்கம் குமிழ்கள், வலப்பக்கம் ஒயர் செருகும் துளைகள். ஒயரே இல்லாமலும் வாசிக்கலாம், உள்இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. துளையில் ஒயரைச் செருகினால் சிக்னல் நாம் சொன்ன வழியில் போகும். செமி-மாடுலர் என்பது இதுதான்.

ஒலியின் குணம் ஃபில்டரில் இருக்கிறது. மினிமோக்கைச் செய்த மோக் நிறுவனத்தின் லோபாஸ் ஃபில்டர் மேல்நாதங்களை ஆக்டேவுக்கு 24 டெசிபல் குறைக்கும். ரெசனன்ஸை ஏற்றினால் அடிநாதம் மெலியும், ஆனாலும் உருண்டையான இனிமை போகாது. எம்எஸ்-20இல் ஹைபாஸ் ஒன்று, லோபாஸ் ஒன்று என இரண்டு ஃபில்டர்கள், இரண்டுக்கும் ரெசனன்ஸை ஏற்ற ‘பீக்’ என்ற குமிழ். லோபாஸ் 12 டெசிபல்தான் என்பதால் மேல்நாதங்கள் நிறையவே கசிகின்றன. பீக்கை மெல்லத் திருப்பினால் முதலில் ‘ஓ’ என்பது ‘ஆ’ என்று வாய் திறக்கும். முக்கால் சுற்றைத் தாண்டினால் தண்டவாளத்தில் சக்கரம் கிறீச்சிடுவதுபோல ஒரு அலறல், வாசித்த சுரத்தையே விழுங்கிவிடும். இனிமை தேடுபவர் மோக்கிடம் போகட்டும். முரட்டுத்தனம் வேண்டுமானால் எனக்கு இதற்கு ஈடு எதுவும் தெரியவில்லை.

விற்பனையில் இருந்தபோதே ஃபில்டரை மாற்றினார்கள். தொடக்கத்தில் வந்தவற்றில் ‘கோர்க்-35’ என்ற மூடிய சிறு பாகம் இருந்தது. பிறகு வந்தவற்றில் சாதாரண ஓடிஏ வகைப் பெருக்கி சிப். முகப்பைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. காது சொல்லும்: பழையது இரைச்சலோடு சீறும், பின்னது சற்றே வழவழப்பு. ஏஆர்பி 2600க்கும் இப்படி நடந்திருக்கிறது. மோக்கின் அமைப்பை ஒத்த 4012 ஃபில்டரை விட்டு 4072க்கு மாறினார்கள். புதியதில் இருந்த வடிவமைப்புப் பிழையால் சுமார் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மங்கிப்போனது.

1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 டிஜிட்டல் ஒலியோடு வந்தது. எம்எஸ்-20இன் உற்பத்தியும் ஏறக்குறைய அப்போதே நின்றது. ஆனால் செகண்ட்ஹேண்டில் அகப்பட்ட கருவிகள் சும்மா கிடக்கவில்லை. 1999இல் மிஸ்டர் வாஸோவின் ‘ஃபிளாட் பீட்’ ஐரோப்பா முழுக்க ஒலித்தபோது, அந்த முறுக்கிப் பிழிந்த பேஸ் இதிலிருந்துதான் வந்தது.

2004இல் கோர்க் இதை மென்பொருளாக்கியது. அசலான அனலாக் சர்க்யூட்டுக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வந்த எம்எஸ்-20 மினி பழையதில் 86 சதவீத அளவு. பழையதை வடிவமைத்த ஃபுமியோ மியெடா, ஹிரோவாகி நிஷிஜிமா இருவருமே இதிலும் வேலை செய்தார்கள், பழைய வகை ஃபில்டரையே வைத்தார்கள். கட்டைகள் சிறிதாகிவிட்டன என்ற முணுமுணுப்பு எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. 2014இல் நாமே பூட்டிக்கொள்ளும் முழு அளவு கிட் வந்தது. அதில் இரண்டு ஃபில்டர்களும் இருக்கின்றன, வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

1978இன் வோல்டேஜ் முறையை மட்டும் இவற்றிலும் விடவில்லை. மோக் வழிவந்த கருவிகளில் ஒரு ஆக்டேவ் ஏற 1 வோல்ட் கூட்டினால் போதும். இதில் வோல்டேஜ் இருமடங்காக வேண்டும். 1 வோல்ட் முறையில் இயங்கும் இன்றைய யூரோராக் மாட்யூலிலிருந்து நேராக ஒயர் இழுத்துச் செருகினால் சுருதி சேராது, நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும்.