பாலக்காட்டுக் களரிமுறையில் மீள்பயிற்சி

களரி என்னும் சொல் சங்கப் பாடல்களில் பாழ்நிலத்தைச் சுட்டும். மலையாள வழக்கில் அது போர்க்கலை பயிலுமிடத்தையும் கதகளி பயிலுமிடத்தையும் குறிக்கின்றது. இவ்விரு வழக்கும் ஒரே வேரினவா என்பது தனியாய்வுக்குரியது. எனினும், அங்கு நிகழும் பயிற்சி முறை தமிழாய்வாளர் கவனத்திற்குரியதாகும்.

களரிப்பயற்றை வடக்கன், மத்திய, தெக்கன் என மூவகையாகப் பகுப்பர். பாலக்காடு, திருச்சூர்ப் பகுதிகளில் வழங்கும் மத்திய முறையில், தரையில் வரைந்த களங்களின் மீது மாணாக்கர் மீண்டும் மீண்டும் அடிவைத்துப் பயில்கின்றனர். வடக்கன் முறையில் மெய்த்தாரி முதலாவதாகும். அதன்பின்னரே கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை ஆகியன தொடரும். ஆசான் வாய்த்தாரி சொல்ல, மாணாக்கன் உடலை அசைக்கின்றான். காலின் இடம், உடலின் வளைவு, திரும்பும் திசை ஆகிய அனைத்தும் அச்சுருக்கமான கட்டளைச் சொற்களில் அடங்கும். நாள்தோறும் அதே வரிசை. ஒரு கட்டத்தில் சொல்லின் பொருளை எண்ணாமலே உடல் செயற்படுகின்றது. உடல் முழுதும் கண்ணாதல் என மலையாளிகள் கூறும் நிலை இதுவே. பிலிப் சாரில்லி 1998இல் வெளியிட்ட களரி ஆய்வு நூலின் தலைப்பும் இவ்வழக்கிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

ஆகவே வாய்த்தாரியை ஒரு வாய்மொழிப் பனுவலாகவே கொள்ளல் வேண்டும். ஏடு எழுதிக் காக்கப்படுவது. இதுவோ மீளச் செய்து காக்கப்படுவது. பழசி அரசரின் எழுச்சிக் காலத்தில், 1804இல், மலபாரில் ஆயுதம் தாங்குவோர்மீது கும்பினி ஆட்சி கடும் நடவடிக்கை மேற்கொண்டது. பாலக்காடும் அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தது. வாளைப் பறிக்கலாம், மெய்த்தாரியைப் பறித்தல் அரிது. இதனால் மரபு சிறிதும் முறியாது வந்தது எனல் பொருந்தாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோட்டக்கல் கணாரன் குருக்கள், சி. வி. நாராயணன் நாயர் ஆகியோர் தலைச்சேரிப் பகுதியில் மேற்கொண்ட முயற்சி மீட்டெடுப்பே எனலாம்.

மீள்பயிற்சி வடிவத்தைக் காக்கும். எதிரியின்றிப் போர்த்திறத்தைக் காக்குமா? தெக்கன் முறையினர் இதற்கு விடை கண்டுள்ளனர். அகத்தியர் பெயரால் வழங்கும் தமிழ் வர்ம நூல்களைப் போற்றும் அம்முறையில், தனித்துப் பயில்வன, இணையுடன் பயில்வன என இரண்டும் உள. இன்றைய களரிப் போட்டிகளிலோ, ஆயத்தப் பயிற்சியாயிருந்த மெய்ப்பயற்றே தனி நிகழ்வாக மதிப்பெண் பெறுகின்றது.