ஆங்கில முன்னிடைச்சொல் தேர்வு

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, வாக்கியத்தின் பிற சொற்களோடு அதற்குள்ள உறவைக் காட்டும் ஆங்கிலச் சொல் முன்னிடைச்சொல் எனப்படும். பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களோடு வேற்றுமை விகுதிகளும் இருந்தன. 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் விகுதிகள் தேய்ந்து மறைய, அவை செய்த வேலையில் பெரும்பங்கு 'டு', 'ஆஃப்', 'வித்', 'பை' போன்ற சிறுசொற்களுக்கு வந்து சேர்ந்தது.

மேசையில், அறையில், வாசலில் என மூன்றுக்கும் தமிழில் 'இல்' உருபே போதும். ஆங்கிலமோ பரப்புக்கு 'ஆன்', உள்ளிடத்துக்கு 'இன்', ஒரு புள்ளியாகக் கருதும் இடத்துக்கு 'அட்' என்று பிரிக்கிறது. காலத்துக்கும் இதே மூன்றுதான்: ஆண்டுக்கு 'இன்', கிழமைக்கு 'ஆன்', மணிக்கு 'அட்'.

இவ்வளவும் பழகினால் வந்துவிடும். உண்மையான சிக்கல், பொருளைப் பார்க்காமல் பக்கத்துச் சொல்லைப் பார்த்து முன்னிடைச்சொல் அமையும் இடங்களில்தான். 'அவன்மேல் கோபம்' என்று நினைப்பவர் 'ஆங்ரி ஆன் ஹிம்' என்று எழுதிவிடுகிறார். 'ஆங்ரி' கேட்பது 'வித்'. 'அவரோடு திருமணம்' என்ற நினைப்பில் 'மேரீட் வித்' வருகிறது. அங்கே 'டு' வேண்டும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு எதுவுமே வேண்டாம். ஆனால் அதன் பெயர் வடிவமான 'டிஸ்கஷன்' வந்தால் 'அபவுட்' பொருந்தும். இதற்குக் காரணம் தேடுவது வீண்வேலை, வழக்கு அப்படி.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. 'வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கவும்' என்பதில் 'குள்' வந்தால் 'பை'. 'வெள்ளிக்கிழமை வரை அலுவலகம் திறந்திருக்கும்' என்பதில் 'வரை' வந்தால் 'அன்டில்'. 'இரண்டு ஆண்டுகளாக' என்றால் 'ஃபார்', '2019இலிருந்து' என்றால் 'சின்ஸ்'. இந்தியர் பலர் எழுதும் 'சின்ஸ் டூ இயர்ஸ்' இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது.

நாட்டுக்கு நாடு வழக்கு மாறுவதும் உண்டு. வார இறுதிக்குப் பிரிட்டனில் 'அட்', அமெரிக்காவில் 'ஆன்'. 'டிஃபரெண்ட்' என்பதை அடுத்து 'ஃப்ரம்' எங்கும் செல்லும். 'டு' பிரிட்டனிலும் 'தன்' அமெரிக்காவிலும் மிகுதி.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கலாகாது என்ற விதிக்கு ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் முக்கியக் காரணம். 1672இல் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் நடையில் அவ்வாறு முடிப்பதைக் குறையாகச் சுட்டினார் அவர். 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் அகராதியாளர் ஃபவுலர் அந்த விதியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்.

எந்தச் சொல்லுக்கு எது என்ற ஐயத்துக்குக் கற்போர் அகராதியே கைகண்ட வழி. ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்து 1942இல் தோக்கியோவிலும், 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகவும் வந்த அகராதி, சொல்லின் பொருளோடு அது வாக்கியத்தில் அமையும் விதத்தையும் சேர்த்துக் காட்டியது.